இலை மருந்தும் அரிவாள் அணு நோயும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லையோரக் கிராமங்களின் கட்சிக் கிளைகளுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முருங்கை இலைச் சாறும் பப்பாளி இலைச் சாறும் அரிவாள் அணு நோயைக் குணப்படுத்தும் என்ற செய்தி அவ்வப்போது நாளேடுகளிலும் கைபேசிகளிலும் வலம்வருகிறது. சிலர் அதனை முழுதாக நம்புகின்றனர். சிலர் பாட்டி வைத்தியம் என்று சிரித்து ஒதுக்குகின்றனர். இவ்விரண்டு அணுகுமுறைகளும் பொதுவுடைமையாளருக்கு உரியவை அல்ல. ஓர் இலையில் மருந்து இருக்கிறதா என்பது அறிவியலின் கேள்வி. அந்த மருந்து நோயாளியின் கைக்கு வந்துசேருமா என்பது அரசியல் பொருளாதாரத்தின் கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்த பின்னரும் இரண்டாவது கேள்வியில் மக்கள் தோற்கடிக்கப்பட்ட வரலாறு உண்டு. அதைப் பரிசீலிப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இது பெரிதும் பேசப்படும் நோயன்று. நீலகிரி, வயநாடு, அட்டப்பாடி மலைகளில் வாழும் ஆதிவாசி மக்களின் நோய் அது. ஆனால் மூலிகை இவ்வட்டாரத்திற்கு அந்நியமன்று. நெய்யாறு பிறக்கும் அகத்திய மலையிலிருந்துதான், இலை மருந்து குறித்த இந்தியாவின் மிக முக்கியமான உடன்படிக்கை ஒன்றும் பிறந்தது. சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நடக்கும் இந்த எல்லையோரத்தில், இலையா மாத்திரையா என்ற விவாதம் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உண்டு. ஆகவே இங்குள்ள தோழர்கள் இப்பொருளைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

நோயின் இயல்பு

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. 6ஆவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வேலின் அமர்ந்துவிடுவதே இந்நோயின் மூலகாரணம். உயிர்வளியைக் கொடுத்து முடித்ததும் இந்த மாறுபட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டிய சிவப்பணு, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல் வளைந்து விறைத்துவிடுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் அது சிக்கி அடைத்துக்கொள்ளும்போது தாங்கவொண்ணா எலும்பு வலியும், உறுப்புகளின் சிதைவும் நேரிடுகின்றன. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாட்களில் அழிந்துவிடுகிறது. இடைவிடாத இரத்தசோகைக்கு இதுவே காரணம்.

1910இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், சிகாகோவில் படித்துக்கொண்டிருந்த கிரெனடா நாட்டு மாணவர் ஒருவரின் இரத்தத்தில் இந்த வளைந்த அணுக்களைக் கண்டு பதிவு செய்தார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இது ஒரு மூலக்கூறின் நோய் என நிறுவினர். தனியொரு மூலக்கூறின் பிறழ்வே நோயாகும் என்று மருத்துவ வரலாற்றில் மெய்ப்பிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இக்குறைபாடு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கடத்தி மட்டுமே. பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்வார். மலேரியா மிகுந்த பகுதிகளில் கடத்திகளுக்கு அந்நோயிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதை 1954இல் ஏ.சி. ஆலிசன் எடுத்துக்காட்டினார். ஆப்பிரிக்காவிலும் இந்தியக் காட்டுப் பகுதிகளிலும் இம்மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றதன் காரணம் இதுவே. எனவே இது எந்த மக்களின் ‘குற்றமும்’ அன்று. ‘குலத்தின் சாபமும்’ அன்று. கொசுவுக்கும் மனித உடலுக்கும் இடையே நடந்த நெடும்போரின் எச்சமே இந்நோய்.

நீலகிரியில் தொடங்கிய இந்திய வரலாறு

இந்தியாவில் இம்மரபணு முதன்முதலில் அறியப்பட்ட இடங்களுள் ஒன்று தமிழ் மண்ணே. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இரு ஆய்வாளர்கள் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அதனைக் கண்டறிந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டிருந்த தொழிலாளரிடையேயும் அது கண்டறியப்பட்டது. ஒருபுறம் காட்டை இழந்த ஆதிவாசி, மறுபுறம் தோட்டத்தில் உழைப்பை விற்ற கூலித் தொழிலாளி என, நோயின் இந்திய வரலாறு தொடக்கத்திலேயே சுரண்டப்பட்ட மக்களின் வரலாறாக இருந்தது.

அதன்பின் 70 ஆண்டுகள் கடந்த பிறகுதான், 2023 ஜூலை 1 அன்று மத்தியப்பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. தமிழ்நாடும் கேரளமும் உள்ளிட்ட 17 மாநிலங்களில், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் இலக்குகள். பரிசோதனை வரவேற்கத்தக்கது. ஆனால் பரிசோதித்து அட்டை வழங்குவது சிகிச்சை ஆகாது. யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்று ஆதிவாசி இளைஞர்களுக்கு அறிவுரை கூறுவதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடாது. ஏற்கெனவே பிறந்து வலியோடு வாழ்ந்துகொண்டிருப்போருக்கு மருந்து எங்கே என்பதே முதன்மையான கேள்வி.

சோதனைக் குழாயும் மனித உடலும்

இலைச் சாற்றின் கதைக்கு வருவோம். அரிவாள் அணு நோயோடு பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிகுதியாக உள்ள நாடு நைஜீரியா. அந்நாட்டிலும் காங்கோவிலும் பிற ஆப்பிரிக்க நாடுகளிலும் கடந்த அரை நூற்றாண்டாக மூலிகை ஆய்வுகள் நடந்துவருகின்றன. பப்பாளி இலை, பப்பாளிக் காய், முருங்கை இலை முதலியவற்றின் சாறுகள் ஆராயப்பட்டுள்ளன. எருக்கின் ஓர் இனத்தின் வேர்ப்பட்டையைப் பிறிதொரு தாவர வேரோடு சேர்த்த மருந்து புர்கினா ஃபாசோவில் வழங்குகிறது.

ஆய்வு நடக்கும் முறை எளிமையானது. நோயாளியின் இரத்தத் துளியில் சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து உயிர்வளியை அகற்றுகின்றனர். அணுக்கள் அரிவாளாக வளைகின்றன. சாறு சேர்த்த துளியில் எத்தனை அணுக்கள் வளைந்தன, சேர்க்காத துளியில் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணுகின்றனர். சாறு சேர்த்த துளியில் வளைவு குறைந்தால், அந்த இலையில் ஏதோ ஒரு பொருள் வேலை செய்கிறது என்பது பொருள். இது மெய்யான அறிவியல், ஏளனத்திற்குரியதன்று.

ஆனால் அது முதற்படி மட்டுமே. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தோடு நேரே கலக்கும் சாறு, மனிதன் குடிக்கும்போது இரைப்பையைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, அதன்பின்தான் இரத்தத்தை அடைய வேண்டும். வழியிலேயே அது சிதைந்துபோகலாம். வனிலா நெற்றின் மணத்திற்குக் காரணமான வனிலின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது ஹீமோகுளோபினோடு இணைந்து அணு வளைவதைத் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் காணப்பட்டது; ஆனால் வாய்வழி உட்கொண்டால் செரிமானப் பாதையிலேயே அழிந்துவிடுகிறது. அதே வகை வேதியியலை ஒட்டி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட வாக்ஸலோட்டர் மாத்திரைக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஓர் ஆண்டுச் சிகிச்சையின் விலை அங்கு ஒரு இலட்சம் டாலருக்கும் மேலாக இருந்தது. 2022இல் அதன் உரிமையாளரான நிறுவனத்தை ஃபைசர் 540 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் அதே ஃபைசர், சோதனைகளில் வலித் தாக்குதல்களும் மரணங்களும் காணப்பட்டதைக் காரணம் காட்டி, உலகெங்குமிருந்து அம்மருந்தைத் திரும்பப் பெற்றது. ஒப்புதல் பெற்ற மாத்திரைக்கே இந்நிலை எனில், மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்படாத இலைச் சாற்றைக் குணமளிக்கும் மருந்தென்று எவ்வாறு கூற இயலும்?

நைஜீரியாவின் அனுபவம்

முதற்படியைத் தாண்டிய மூலிகை மருந்தும் உண்டு. தென்மேற்கு நைஜீரியாவின் பாரம்பரிய மருத்துவர் ஒருவரிடமிருந்து பெற்ற குறிப்பைக் கொண்டு, அபுஜாவிலுள்ள அரசு மருந்தாய்வு நிறுவனம் நிப்ரிசான் என்ற மருந்தை உருவாக்கியது. அதன் சேர்க்கைகள் தமிழ் வாசகருக்குப் புதியவையல்ல: சோள இலை, கிராம்பு, மிளகின் ஆப்பிரிக்க உறவான ஒரு கொடியின் விதை, வேங்கை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் தண்டு. 82 நோயாளிகளிடம், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது நோயாளிக்கோ மருத்துவருக்கோ தெரியாத முறையில் சோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2001இல் வெளிவந்தன. கடும் வலித் தாக்குதல்கள் குறைந்தன; பெரிய பக்கவிளைவுகள் இல்லை. எனினும் இரத்தசோகை மாறவில்லை. துவரையிலிருந்து உருவாக்கப்பட்ட மற்றொரு நைஜீரிய மருந்தும் வலியைக் குறைக்கக்கூடும் என்ற நம்பிக்கையை அளித்தது. இரத்தசோகை குறித்த ஐயம் அதிலும் நீடித்தது. பெரிய அளவில் மேலும் சோதனைகள் தேவை என்பதே உலக ஆய்வாளர்கள் இவற்றைப் பரிசீலித்துக் கூறிய முடிவு.

இத்தகைய நம்பிக்கையளித்த நிப்ரிசானுக்கு என்ன நேர்ந்தது? 2002இல் அதன் உரிமம் சீக்கெம் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2006இல் நிக்கோசான் என்ற பெயரில் அபுஜாவில் உற்பத்தி தொடங்கியது. 2008இல் அந்நிறுவனம் திவாலானது, உற்பத்தி நின்றது. மருந்தை உட்கொண்டு பயன்பெற்றிருந்தோர் கைவிடப்பட்டனர். இலை தோற்கவில்லை, அறிவியலும் தோற்கவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கங்களோடு நைஜீரிய ஏழைகளின் மருந்து கட்டப்பட்டிருந்தது என்பதே தோல்வியின் காரணம்.

சீனத்தின் அனுபவம்

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவத்தையும் கருத வேண்டும். அதுவும் இலை மருந்துதான். அதுவும் மலேரியாவோடு தொடர்புடையதுதான். வியட்நாம் விடுதலைப் போரில் குண்டுகளுக்கு இணையாக மலேரியாவும் போராளிகளைக் கொன்றது. வியட்நாமின் வேண்டுகோளை ஏற்று, 1967 மே 23 அன்று மக்கள் சீனம் 523 திட்டத்தைத் தொடங்கியது. பல நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் அதில் இணைக்கப்பட்டனர். பழஞ்சீன மருத்துவக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டன.

டூ யூயூ தலைமையிலான குழு ஆர்ட்டெமிசியா என்ற செடியை ஆராய்ந்தபோது முடிவுகள் முதலில் நிலையாக இல்லை. நான்காம் நூற்றாண்டின் மருத்துவ நூல் ஒன்று அச்செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதை அவர் கவனித்தார். வெப்பம்தான் மருந்தை அழிக்கிறது என ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு இலையிலிருந்து சாரத்தைப் பிரித்தார். 1971இல் அச்சாரம் எலிகளிலும் குரங்குகளிலும் மலேரியாக் கிருமியை முற்றாக அழித்தது. மறு ஆண்டில் ஆய்வாளர்கள் தம் உடலிலேயே அதன் பாதுகாப்பைச் சோதித்துப் பார்த்த பின்னரே நோயாளிகளுக்கு அளித்தனர். கோடிக்கணக்கானோர்க்குப் பயன்பட்ட ஆர்ட்டெமிசினின் இவ்வாறு பிறந்தது. 2015இல் டூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதன் படிப்பினை தெளிவு. பழைய நூலை வழிபட்டிருந்தாலும் இம்மருந்து கிடைத்திராது. அந்நூலைத் தூக்கி எறிந்திருந்தாலும் கிடைத்திராது. மரபறிவை ஆய்வுக்கு உட்படுத்தியதும், இலாபத்தை எதிர்பாராது அரசு அதற்குப் பொறுப்பேற்றதும் இணைந்தபோதே மருந்து கிடைத்தது.

அகத்திய மலையின் இலை

இப்போது இம்மண்ணின் சொந்த அனுபவம். 1987 டிசம்பரில், பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அகத்திய மலைக் காடுகளில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டனர். உடன்வந்த காணி இன வழிகாட்டிகள் சிறு பழங்களைத் தின்றபடி களைப்பின்றி நடந்ததைக் கண்டு வினவினர். ஆரோக்கியப்பச்சை என்ற செடி அவ்வாறு வெளியுலகிற்குத் தெரியவந்தது. அதன் இலையில் மருந்துப் பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்து, மேலும் மூன்று மூலிகைகளோடு சேர்த்து ஜீவனி என்ற மருந்தை நிறுவனம் உருவாக்கியது. அது அரிவாள் அணு நோய்க்கான மருந்தன்று. களைப்பு நீக்கி உடலுக்கு வலுவூட்டுவது. ஆயினும் இலை மருந்தின் அரசியலைக் கற்பிப்பதில் அதற்கு இணை இல்லை.

1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத உரிமைப் பங்குக்கும் உரிமம் வழங்கப்பட்டது. கிடைப்பதில் சரிபாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. 1997இல் காணி மக்களின் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது, 1999இல் 5.19 இலட்சம் ரூபாய் அதற்கு மாற்றப்பட்டது. மரபறிவின் உரிமையாளருக்குப் பங்களித்த முன்மாதிரி என்று உலக அரங்குகள் இதனைப் போற்றின.

ஆனால் நடைமுறையில் முரண்பாடு முற்றியது. காட்டின் இயற்கைச் சூழலில் வளரும் செடியின் இலையில்தான் மருந்துத் திறன் முழுமையாக இருந்தது. அக்காடோ வனத்துறையின் பிடியில் இருந்தது. தம் அறிவால் உருவான மருந்துக்குரிய இலையைத் தம் காட்டிலிருந்து பறிக்கக் காணி மக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அறிவுக்குப் பங்கு உண்டு, நிலத்துக்கு உரிமை இல்லை என்ற இந்த நிலையில் மருந்தும் வளரவில்லை, மக்களும் வளரவில்லை.

இடதுசாரிகளும் ஆதிவாசி அமைப்புகளும் போராடிப் பெற்ற 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டின் பல்லுயிர் வளத்தை அணுகும் உரிமையையும் மரபறிவின் மீதான சமூக உரிமையையும் ஆதிவாசிகளுக்கு அங்கீகரித்தது. அதற்கு எதிர்த்திசையில், 2023இல் ஒன்றிய அரசு பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தியது. நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பயன்பகிர்விலிருந்து விலக்களிக்கப்பட்டது. சட்டமீறலுக்கான சிறைத்தண்டனை நீக்கப்பட்டு வெறும் அபராதமாக்கப்பட்டது. மரபின் பெருமையை மேடையில் முழங்குவோரே மரபறிவின் உண்மையான உரிமையாளர்களின் பங்கில் கைவைக்கின்றனர்.

கையிலுள்ள மருந்து

ஆய்வுகள் தொடரட்டும். ஆனால் இன்றைய நோயாளி நாளைய மருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, கருவிலிருக்கும் குழந்தைக்குரிய ஹீமோகுளோபினை உடலில் மீண்டும் பெருக்கி அணுக்கள் வளைவதைக் குறைக்கிறது. 1995இல் வெளியான 299 நோயாளிகளின் ஆய்வில் வலித் தாக்குதல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அமெரிக்கா 1998இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. காப்புரிமைத் தடை இல்லாத மலிவான மருந்து இது, இந்தியாவிலேயே தயாராகிறது. ஆனால் இதனை உட்கொள்வோரின் இரத்த அணுக்களைக் குறித்த இடைவெளியில் எண்ணிப் பார்த்தாக வேண்டும். அதற்கு அருகில் ஆய்வகமும், ஆய்வகத்தில் பணியாளரும் வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து நகருக்கு வர ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க வேண்டியவர் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுகிறார். மாத்திரை மலிவானது, அதனைச் சுற்றியிருக்க வேண்டிய பொது சுகாதாரக் கட்டமைப்பே இல்லை.

மறுமுனையில், 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த இரு மரபணுச் சிகிச்சைகளின் விலை முறையே 22 இலட்சம் டாலர், 31 இலட்சம் டாலர். அறிவியலின் உச்சம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் நோய் மிகுந்த ஊர்களில் அதனை வாங்கக்கூடியவர் எவருமில்லை. இந்த இடைவெளியில்தான் ‘இலைச் சாறு போதும்’ என்ற பிரச்சாரம் வேர்கொள்கிறது. மருத்துவமனை எட்டாத இடத்தில் இலை எட்டுகிறது. அதனை நாடும் நோயாளியைப் பழிப்பதில் பயனில்லை. மருத்துவமனையை எட்டாத தொலைவில் வைத்திருக்கும் அமைப்பையே எதிர்க்க வேண்டும்.

கட்சித் தோழர்களின் கடமைகள்

முதலாவது, மக்களிடையே தெளிவை உண்டாக்குவது. முருங்கைக் கீரையை உணவாக உண்பது நன்று; அதனை நம்பி ஹைட்ராக்ஸியூரியாவை நிறுத்துவது ஆபத்து. பேதி மருந்துகள் உடலின் நீரை வற்றச் செய்து வலித் தாக்குதலைத் தூண்டக்கூடும். இந்நோயாளிகளுக்கு அவை கூடா. இரத்தசோகை என்றதும் பரிசோதனையின்றி இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் தீர்வன்று. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டவர் உடலில் இரும்பு மிகுந்துவிடும். மூலிகை எதையேனும் உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. கடத்திகளாக இருக்கும் இளைஞர்களை, குறிப்பாகப் பெண்களை, ஒதுக்கிவைக்கும் போக்கை எதிர்த்து நிற்பதும் இக்கடமையின் பகுதியே.

இரண்டாவது, கோரிக்கைகளை முன்னெடுப்பது. நோயுள்ள ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சிகிச்சைக்கு வரும் நாளின் கூலி ஈடுசெய்யப்பட வேண்டும். பிறந்த குழந்தைகள் அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஆலப்புழை கலவூரிலுள்ள கேரள அரசு மருந்து நிறுவனம் போன்ற பொதுத்துறை ஆலைகள் இம்மருந்துகளின் உற்பத்தியிலும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அரசுக் கொள்முதல் அமைப்புகள் தடையற்ற விநியோகத்திலும் ஈடுபடுத்தப்பட வேண்டும்.

மூன்றாவது, ஆய்வின் திசையை மாற்றப் போராடுவது. சோள இலையும் முருங்கை இலையும் துவரையும் இந்நாட்டிலும் விளைகின்றன. நோயாளிகளும் இந்நாட்டில் உள்ளனர். திறமையான ஆய்வகங்களும் உள்ளன. நோயாளியின் ஒப்புதலோடும் பாதுகாப்போடும் நடத்தப்படும் முறையான சோதனைகளுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். வெற்றி எனினும் தோல்வி எனினும் முடிவுகளை வெளியிட வேண்டும். மருந்து கிடைத்தால் அதன் உரிமம் தனியாருக்கு விற்கப்படாமல் பொதுத்துறையில் இருக்க வேண்டும். மரபறிவை அளித்த மக்களுக்குப் பங்கோடு, அந்த இலை வளரும் காட்டின் மீதான உரிமையும் வழங்கப்பட வேண்டும்.

தோழர்களே, பாறசாலைக்கும் வயநாட்டுக்கும் இடையே தொலைவு அதிகம். கூடலூரின் பணியர் குடியிருப்பை இங்குள்ள பலர் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே வலியில் துடிக்கும் குழந்தைக்கு மாத்திரை மறுக்கப்படுவதும், அகத்திய மலையின் காணிக்கு இலை பறிக்கும் உரிமை மறுக்கப்படுவதும் ஒரே கொள்கையின் விளைவுகள். தமிழும் மலையாளமும் கலந்து வாழும் இவ்வெல்லையோரக் கிளைகள், வரவிருக்கும் மாதங்களில் வன உரிமைக்கான இயக்கங்களிலும் பொது சுகாதாரத்திற்கான இயக்கங்களிலும் இந்தக் கோரிக்கைகளை இணைத்து எழுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன.